நீர் மாத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல: இதயச் செயலிழப்பில் எந்த மாத்திரை, எதற்காக?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இதய நோய்க்கு மருந்து சாப்பிடும் பெரியவர்கள் உள்ள வீடுகளில் ‘நீர் மாத்திரை’ என்ற பேச்சு அடிபடாத நாள் இல்லை. அந்த மாத்திரைகளில் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நோக்கத்துக்காக வேலை செய்யும் பல வகைகள் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. கால் வீக்கம் வடிந்துவிட்டது என்று எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு லாசிக்ஸ் நன்றாகக் கேட்டது என்று தமக்கும் அதையே எழுதித் தரச் சொல்கிறார்கள். சீட்டில் 40 என்று இருந்த இடத்தில் 20 என்று மாறியதும் டாக்டர் மருந்தைக் குறைத்துவிட்டார் என்று கவலைப்படுகிறார்கள். ‘எது வீரியமான மாத்திரை’ என்ற கேள்வியோடு நின்றுவிடுவதால் வரும் குழப்பங்கள் இவை. இந்த மாத்திரை உடலில் எந்த இடத்தில் வேலை செய்கிறது, எதற்காகத் தரப்பட்டது என்ற கேள்விகளே பயன் தருபவை என்பது என் கருத்து. மருந்தைத் தேர்ந்தெடுப்பதும் அளவை மாற்றுவதும் மருத்துவரின் வேலை. அவர் ஏன் அப்படித் தேர்ந்தெடுக்கிறார் என்பதை மட்டுமே இக்கட்டுரை விளக்குகிறது.

உடலில் நீர் ஏன் தேங்குகிறது?

இதயம் துடித்துக்கொண்டே இருந்தும், உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை அதனால் அனுப்ப முடியாமல் போகும் நிலையே இதயச் செயலிழப்பு. மாரடைப்பால் தசை பழுதுபட்டதாலோ, நெடுநாள் ரத்தக் கொதிப்பாலோ, வால்வுக் கோளாறாலோ இது வரலாம்.

தனக்கு வரும் ரத்தம் குறைந்ததைச் சிறுநீரகம் உணர்கிறது. காரணம் இதயத்தின் பலவீனம் என்பது அதற்குத் தெரியாது. ரத்தப்போக்கிலோ கடும் வயிற்றுப்போக்கிலோ உடல் நீரை இழந்துவிட்டதைப் போலவே அது நடந்துகொள்கிறது. சிறுநீரகத்தின் தூண்டுதலால் அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. உப்பைச் சிறுநீரில் போகவிடாமல் பிடித்துவைக்குமாறு சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுவது இந்த ஹார்மோன்தான். உப்பு தங்கும்போது அதனுடன் நீரும் தங்குகிறது. அந்த நீர் காலில் வீக்கமாகவும், நுரையீரலில் மூச்சுத்திணறலாகவும், மல்லாந்து படுக்க முடியாத இரவுகளாகவும் வெளிப்படுகிறது.

ஆகவே தேங்கியிருப்பது நீராகத் தெரிந்தாலும், அதைப் பிடித்துவைத்திருப்பது உப்பு. நீர் மாத்திரைகள் பெரும்பாலும் உப்பை வெளியேற்றும் மாத்திரைகளே. உப்பு போகும் வழியில் நீர் பின்தொடர்ந்து போகிறது.

ஒரு கால்வாய், நான்கு மடைகள்

சிவகங்கைச் சீமையில் கண்மாய்ப் பாசனம் பார்த்தவர்களுக்குச் சிறுநீரகத்தின் வேலையைப் புரியவைப்பது எளிது. கண்மாயிலிருந்து புறப்படும் கால்வாயின் ஓரமாக, தலைமடையிலிருந்து கடைமடை வரை, வயல்கள் தத்தமக்கு வேண்டிய தண்ணீரை எடுத்துக்கொள்கின்றன. எல்லா மடைகளும் எடுத்ததுபோக எஞ்சியதே கடைசியில் வெளியே வழிகிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் நுண்குழல் எனப்படும் நீண்ட, வளைந்த குழாய் ஒன்று இருக்கிறது. அதுவே நம் கால்வாய். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி இக்குழல்களுக்குள் அனுப்புகின்றன. சிறுநீராக வெளியேறுவதோ 1.5 லிட்டர் அளவுதான். மற்றதெல்லாம் வழியிலுள்ள மடைகள் வழியாக ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது.

தலைமடை, வடிகட்டப்பட்ட உப்பில் ஏறத்தாழ 65 விழுக்காட்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதை அடுத்து, குழல் ஊசிக் கொண்டைபோல் வளைந்து திரும்பும் பகுதியில் உள்ள இரண்டாம் மடை 25 விழுக்காட்டை எடுக்கிறது. மூன்றாம் மடை 5 விழுக்காடு அளவையும், கடைமடை எஞ்சியதில் பெரும்பகுதியையும் எடுத்துக்கொள்கின்றன. ஆல்டோஸ்டிரோன் அதிகாரம் செலுத்துவது முக்கியமாகக் கடைமடையில்தான்.

நீர் மாத்திரை என்பது இந்த மடைகளில் ஏதேனும் ஒன்றை அடைக்கும் மருந்து. அடைத்தால் அந்த மடை எடுத்திருக்க வேண்டிய உப்பும் நீரும் கால்வாயிலேயே ஓடிச் சிறுநீராக வெளியேறும். எந்த மடையை எந்த மருந்து அடைக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எளிது.

இரண்டாம் மடை: ஃபுரோசமைடும் டோர்செமைடும்

தலைமடைதான் மிகப் பெரியது. அதையே அடைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அங்கே தப்பிவரும் உப்பில் பெரும்பங்கை இரண்டாம் மடை பிடித்துக்கொள்கிறது. இரண்டாம் மடைக்குக் கீழே உள்ளவை சிறியவை. இரண்டாம் மடையில் ஒரேயடியாக 25 விழுக்காட்டை அடைத்தால், பாய்ந்து வரும் வெள்ளத்தை அவற்றால் சமாளிக்க முடியாது. வீங்கிய காலோடும் இரைக்கும் மூச்சோடும் வரும் நோயாளிக்கு முதலில் இந்த இரண்டாம் மடையை அடைக்கும் மருந்து தரப்படுவது இதனால்தான். இவற்றை லூப் வகை என்பார்கள். ஃபுரோசமைடு (கடையில் லாசிக்ஸ்), டோர்செமைடு (டைட்டார்), புமெட்டனைடு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

இந்த வகை மருந்துகளின் இயல்பு ஒன்றைப் புரிந்துகொள்ளாததால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. இவை கால்வாய்க்குள் இறங்கினால்தான் மடையை எட்டும். அதுவும் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டி இறங்க வேண்டும். அந்த அளவுக்குக் கீழே எத்தனை தடவை கொடுத்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. அதைத் தாண்டினால் சிறுநீர் நன்றாகப் பிரியும். இன்னும் ஏற்றிக்கொண்டே போனால் ஓர் உச்சத்துக்கு மேல் கூடுதல் பலன் இருக்காது. ஃபுரோசமைடு 40 மில்லிகிராம் கேட்காத ஒருவருக்கு அதே 40-ஐ மூன்று வேளையாகக் கொடுப்பதைவிட, ஒரு வேளைக்கு 80 கொடுப்பது பலன் தருவது இதனால்தான். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு மருந்து கால்வாய்க்குள் இறங்குவதே கடினம் என்பதால், அவர்களுக்கு அளவு இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. சிறுநீரகம் கெட்டவருக்கு இவ்வளவு பெரிய அளவா என்று வீட்டார் அஞ்சுவது இயல்பு, காரணம் இதுவே.

இனி, லாசிக்ஸா டைட்டாரா என்ற கேள்விக்கு வருவோம். வாய்வழி எடுக்கும் ஃபுரோசமைடு ரத்தத்தில் சேரும் அளவு சராசரியாகப் பாதிதான். அதுவும் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள், 10 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காடு வரை மாறுபடக்கூடியது. உணவோடு எடுத்தால் குறையும். இதயச் செயலிழப்பு முற்றும்போது குடல் சுவரும் நீர்கோத்து வீங்குவதால், மருந்து உறிஞ்சப்படுவது தாமதமாகும். வீட்டில் மாத்திரைக்குக் கேட்காத வீக்கம், மருத்துவமனையில் அதே மருந்தை ஊசியாகப் போட்டதும் இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். டோர்செமைடோ 80 விழுக்காட்டுக்கு மேல் சீராகச் சேர்கிறது. சற்று நீண்ட நேரமும் வேலை செய்கிறது.

இதைப் படித்தால் டோர்செமைடுதான் சிறந்தது என்று தோன்றும். மருத்துவர்கள் பலரும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்காவில் 60 மருத்துவமனைகளில் 2,859 நோயாளிகளை வைத்து டிரான்ஸ்ஃபார்ம்-ஹெச்எஃப் என்ற ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2023-இல் வெளிவந்தது. டோர்செமைடு எடுத்தவர்களில் இறந்தவர்கள் 26.1 விழுக்காடு, ஃபுரோசமைடு எடுத்தவர்களில் 26.2 விழுக்காடு. மருத்துவமனையில் மீண்டும் சேர வேண்டியிருந்ததிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே ஃபுரோசமைடு நன்றாகக் கேட்டுவரும் ஒருவர் விலை கூடிய மாத்திரைக்கு மாற வேண்டியதில்லை. ஒருநாள் கேட்டு ஒருநாள் கேட்காமல் இழுத்தடிப்பவருக்கு மருத்துவர் டோர்செமைடுக்கு மாற்றிப் பார்ப்பது நியாயமே.

மாற்றும்போது எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். ஃபுரோசமைடு 40 மில்லிகிராம் செய்யும் வேலையை டோர்செமைடு 20 மில்லிகிராமும், புமெட்டனைடு 1 மில்லிகிராமும் ஏறத்தாழச் செய்துவிடும். வெவ்வேறு மருந்துகளின் மில்லிகிராம்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

இதுவரை பார்த்ததில் மனத்தில் நிற்க வேண்டியது: மூச்சுத்திணறலையும் வீக்கத்தையும் குறைக்க முதலில் வருவது லூப் வகை. அதில் எந்த மருந்து என்பதைக் காட்டிலும், அந்த நோயாளிக்குப் போதிய அளவு கிடைக்கிறதா என்பதே முக்கியம்.

மூன்றாம் மடை: தயசைடு வகை

இரண்டாம் மடையை மாதக்கணக்கில் அடைத்துவைத்தால், கீழே இருக்கும் மடைகள் சும்மா இருப்பதில்லை. கூடுதலாக வரும் உப்பைப் பிடிக்க அவை தம் வாயை அகலமாக்கிக்கொள்கின்றன. மூன்றாம் மடையின் செல்கள் உண்மையிலேயே பெருத்துவிடுகின்றன. அப்போது முன்பு நன்றாகக் கேட்ட லூப் மாத்திரை கேட்காமல் போகிறது. மாத்திரை போலி என்றோ, கம்பெனி மாறிவிட்டது என்றோ சந்தேகம் எழுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

இங்கே மருத்துவர் மூன்றாம் மடையையும் சேர்த்து அடைக்கிறார். அதற்கான மருந்துகள் தயசைடு வகை எனப்படும். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், மெட்டோலசோன் ஆகியவை இதில் அடங்கும். தனியாகக் கொடுத்தால் இவை மென்மையானவை, ரத்தக் கொதிப்புக்கே பெரிதும் பயன்படுபவை. லூப் வகையோடு சேர்ந்தால் மிகக் கடுமையாகச் சிறுநீரைப் பிரிக்கும். சோடியமும் பொட்டாசியமும் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அதனால் இந்தக் கூட்டு பெரும்பாலும் சில நாள்களுக்கு மட்டும், ரத்தப் பரிசோதனையோடு தரப்படுகிறது. அந்தப் பழைய சீட்டை வைத்துக்கொண்டு கடையில் மீண்டும் மீண்டும் மெட்டோலசோன் வாங்குவது, இக்கட்டுரையில் சொல்லப்படும் தவறுகளிலேயே மிகவும் ஆபத்தானது.

இன்னொன்று: பிரஷர் மாத்திரைகள் பலவற்றில் தயசைடு ஏற்கெனவே கலந்திருக்கிறது, அட்டையில் மருந்தின் பெயருக்குப் பின்னால் ‘ஹெச்’ என்ற எழுத்து இருந்தால் பெரும்பாலும் அதுதான். இதய மருத்துவரிடம் போகும்போது அந்த அட்டையையும் காட்ட வேண்டும்.

கடைமடை: வீக்கத்துக்காகத் தரப்படாத நீர் மாத்திரை

ஸ்பைரோனோலாக்டோன் (ஆல்டாக்டோன்), எப்லெரினோன் ஆகிய இரண்டும் கடைமடையில் ஆல்டோஸ்டிரோனின் கட்டளையைத் தடுப்பவை. கடைமடை எடுக்கும் உப்பு கொஞ்சம்தான். ஆகவே இதயச் செயலிழப்புக்கு வழக்கமாகத் தரும் 25 மில்லிகிராம் அளவில் இவற்றால் சிறுநீர் பெரிதாகக் கூடாது. ‘இந்த மாத்திரைக்கு ஒன்றுக்கே வரவில்லை, இது எதற்கு’ என்று கேட்பவர் கவனித்தது சரியே. ஆனால் இது வந்தது வேறு வேலைக்கு.

ஆல்டோஸ்டிரோன் உப்பைப் பிடிப்பதோடு நிற்பதில்லை. இதயத் தசையில் நார்த்தழும்பு உண்டாகவும் துணைபோகிறது. அதைத் தடுத்தால் ஆயுள் கூடுமா என்பதைச் சோதித்த ரேல்ஸ் ஆய்வு 1999-இல் வெளிவந்தது. இதயத்தின் தள்ளும் திறன் வெகுவாகக் குறைந்த 1,663 பேரில், ஸ்பைரோனோலாக்டோன் எடுத்தவர்களிடையே இறப்பு அபாயம் 30 விழுக்காடு குறைந்தது. லூப் வகைக்கு இப்படி ஒரு சான்று கிடையாது. லூப் மாத்திரை மூச்சை எளிதாக்குகிறது. தள்ளும் திறன் குறைந்தவருக்கு ஸ்பைரோனோலாக்டோன் ஆயுளைக் காக்கிறது. எக்கோ பரிசோதனையில் ‘இ.எஃப்.’ என்று எழுதுகிறார்களே, ஒவ்வொரு துடிப்பிலும் இடக் கீழறையில் உள்ள ரத்தத்தில் எத்தனை விழுக்காடு வெளியே தள்ளப்படுகிறது என்ற அந்த அளவுதான் இங்கே சொல்லும் தள்ளும் திறன்.

வீக்கம் வடிந்ததும் லூப் மாத்திரையின் அளவை மருத்துவர் குறைக்கலாம், சிலருக்கு நிறுத்தவும் செய்யலாம். ஸ்பைரோனோலாக்டோனை அதே கணக்கில் வைத்து நாமே நிறுத்துவது, வீக்கமே இல்லாத நாளிலும் அது செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்துவதாகும்.

இதன் பக்கவிளைவு மற்றவற்றுக்கு நேரெதிரானது. லூப், தயசைடு வகைகள் பொட்டாசியத்தை இறக்குகின்றன, இதுவோ ஏற்றுகிறது. பொட்டாசியம் எந்தப் பக்கம் எல்லை மீறினாலும் இதயத் துடிப்பு தடம் புரளும். ரேல்ஸ் முடிவு வந்த பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இம்மருந்து தாராளமாக எழுதப்பட்டது. பொட்டாசியம் மிகுந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994-இல் ஆயிரம் நோயாளிகளுக்கு 2.4 பேராக இருந்தனர்; 2001-இல் அது 11 பேரானது. நல்ல மருந்து, பரிசோதனை இல்லாமல் கொடுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அதனால் தொடங்கிய ஒரு வாரத்திலும், பிறகு ஒரு மாதத்திலும், அதன்பின் அவ்வப்போதும் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்கப்படுகின்றன. கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு. ரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகம் சுணங்குகிறது என்று பொருள்.

ஆண்கள் சிலருக்கு ஸ்பைரோனோலாக்டோனால் மார்பு வீங்கி வலிக்கும். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சொன்னால் எப்லெரினோனுக்கு மாற்றித் தருவார்கள்; அதில் இத்தொல்லை மிகக் குறைவு.

லூப் மருந்தும் ஸ்பைரோனோலாக்டோனும் ஒரே மாத்திரையில் சேர்ந்தே விற்கப்படுவதும் உண்டு. லாசிலாக்டோன், டைட்டார் பிளஸ் அத்தகையவை. நாளொன்றுக்கு விழுங்கும் மாத்திரைகளின் எண்ணிக்கை குறையும் என்பது இவற்றின் வசதி. ஆனால் வீக்கம் கூடிவிட்டது என்று இத்தகைய மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால், தேவையான லூப் மருந்தோடு தேவையில்லாத ஸ்பைரோனோலாக்டோனும் இரட்டிப்பாகிவிடும். அளவை அடிக்கடி ஏற்றி இறக்க வேண்டியவர்களுக்குத் தனித்தனி மாத்திரைகளே நல்லவை என்று எனக்குத் தோன்றுகிறது.

தலைமடைக்கு ஒரு புதிய வரவு

டபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் ஆகியவை சர்க்கரை நோய்க்காக வந்த மருந்துகள். தலைமடையில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து திரும்பும் ஒரு வாயிலை இவை அடைக்கின்றன. சிறுநீர் சற்றே கூடும். 2019-இல் வெளியான டபா-ஹெச்எஃப் ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாத இதய நோயாளிகளுக்கும் இம்மருந்து பயன் தந்தது. ‘எனக்குத்தான் சர்க்கரை இல்லையே’ என்று இதை ஒதுக்கிவைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இது சேர்ந்த பிறகு லூப் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும் நாள்களிலும் சாப்பிடாமல் இருக்கும் விரத நாள்களிலும் இதை நிறுத்திவைக்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

சுருக்கமாக: தேங்கிய நீரை இறக்க லூப், அது கேட்காதபோது சில நாள் துணைக்குத் தயசைடு, ஆயுளுக்காக ஸ்பைரோனோலாக்டோனும் இந்தப் புதிய மருந்தும். ஒருவருக்கே இவற்றில் மூன்று சேர்ந்து எழுதப்பட்டிருந்தால், அது ஒரே மருந்தை மூன்று முறை எழுதியதாகாது.

சிறுநீரகம் கெட்டுவிடுமா?

அளவுக்கு மீறி நீரை இறக்கினால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்து கிரியாட்டினின் ஏறும். தலைசுற்றலும் சோர்வும் வரும். அந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் உடலில் தேங்கிய நீரும் சிறுநீரகத்தின் சிரைகளில் அழுத்தத்தைக் கூட்டி அதைக் கெடுக்கிறது. வீக்கம் வடிந்து, மூச்சு சீராகி, கிரியாட்டினின் மட்டும் சிறிது ஏறியிருந்தால் மருத்துவர் பெரும்பாலும் பொறுத்திருந்து பார்ப்பார். அந்த ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே மாத்திரையை நிறுத்தியவர்கள், சில நாள்களில் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குத் திரும்ப நேரலாம்.

சமையலறையும் வெயிலும் வலி மாத்திரையும்

ஃபுரோசமைடின் வேலை 6 மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மீதி 18 மணி நேரம் மடைகள் திறந்தே கிடக்கின்றன. இழந்ததை மீட்கும் வேகத்தில் சிறுநீரகம் உப்பை இன்னும் ஆவலாகப் பிடிக்கிறது. காலையில் மாத்திரை போட்டு இறக்கிய உப்பை, இரவு மோர் மிளகாயும் அப்பளமும் ஊறுகாயும் உப்புக்கண்டமுமாகச் சாப்பிட்டால் விடிவதற்குள் திரும்பப் பெற்றுவிடலாம். நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு சிறு தேக்கரண்டி உப்பு என்பது நம் ஊர்க் கல்யாணச் சாப்பாட்டுக்கு முன் நிற்காத கணக்குதான். ஆனால் பல நாள்கள் தொடரும் விசேஷத்துக்குப் பின் மூச்சு வாங்குவது மாத்திரையின் குற்றமன்று.

சிறுநீர் நிறையப் போகிறதே என்று அதற்கு ஈடாகத் தண்ணீர் குடிப்பதும் வீண் வேலை; குடிக்கும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் மதுரைக்குப் போகும் நாளில் மாத்திரையை விட்டுவிடாமல், போய்ச் சேர்ந்தபின் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் வியர்வையாகவே நீர் போவதால், வழக்கமான அளவே சிலருக்கு மிகுதியாகி எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். அதையும் சொல்ல வேண்டும்.

எடையைக் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், ஒரே எடைக் கருவியில் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதையன்று, நீர்; கால் வீங்கும்வரை காத்திராமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர்கள் இளநீரைத் தினமும் குடிப்பதையும், ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கப்படுவதையும் தவிர்க்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, அந்த உப்பிலோ சோடியத்துக்குப் பதிலாகச் சேர்த்திருப்பதே பொட்டாசியம்தான். முழங்கால் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்லோஃபெனாக் போன்ற மாத்திரைகள் எல்லா வகை நீர் மாத்திரைகளின் வேலையையும் மழுங்கடிக்கின்றன, உப்பைத் தங்கவைக்கின்றன, பொட்டாசியத்தையும் ஏற்றுகின்றன. மருந்துக்கடையில் வலிக்கு எதைக் கேட்டாலும், இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுவதை முதலில் சொல்லிவிட்டால், கடைக்காரர் பாராசிட்டமாலை எடுத்துக் கொடுப்பார்.